ஓடாத விங்கர்: ஜான் ராபர்ட்சன் பற்றி ஒரு கேள்வி, நான்கு மாதக் குறிப்புகள்

11 பிப்ரவரி 2024, ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணா, கால்பந்தில் கோட்டோரம் ஆடும் விங்கருக்கு முதல் தகுதி வேகம். வேகம் இல்லாதவனைக் கோட்டோரம் நிறுத்துவது வீண். நீங்கள் நாட்டிங்காமில் இருப்பதால் எப்போது பார்த்தாலும் ராபர்ட்சன், ராபர்ட்சன் என்கிறீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்தேன். மனிதர் நடக்கிறார். அந்தக் காலத்து ஆட்டம் மெதுவானது, அதனால் சமாளித்திருக்கிறார். இன்றைக்கு இறக்கிவிட்டால் பத்து நிமிஷம் தாங்குவாரா?"

11 பிப்ரவரி, இரவு

நடக்கிறார், உண்மைதான். 1979 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல், அவர் ஓரத்திலிருந்து கோல் வாசலுக்குத் தூக்கிக் கொடுத்த கிராஸில் வந்தது. 1980 இறுதி ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலை அவரே அடித்தார். இரண்டையும் நடந்துதான் செய்தார். காலையில் ஷிஃப்ட் இருக்கிறது, மீதியை நாளை எழுதுகிறேன்.

12 பிப்ரவரி

ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து வருகிறேன்.

1953 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள அடிங்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1970இல், 17 வயதில், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு வந்தார். வந்தபோது விங்கர் இல்லை, மிட்ஃபீல்டர். 1972இல் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அடுத்த சில ஆண்டுகள் அவரும் கிளப்பும் சேர்ந்தே தேங்கிக் கிடந்தார்கள். 1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் மேனேஜராக வந்தபோது ராபர்ட்சனின் பெயர் விற்பனைப் பட்டியலில் இருந்தது. யாராவது கேட்டால் கொடுத்துவிடத் தயாராக இருந்தார்கள்.

கிளஃப் அவரைப் பார்த்த முதல் பார்வையைப் பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கசங்கிய உடை, பருத்த உடம்பு, ஆட்டத்தில் ஆர்வம் இல்லை, இவனோடு நேரத்தை வீணாக்குகிறோம் என்று நினைத்தாராம். ஆனால் ஏதோ ஒன்று அவரைத் தடுத்தது. கையில் சிகரெட், தட்டில் எண்ணெயில் பொரித்த சாப்பாடு என்று இருந்த அந்த இளைஞனின் காலில் பந்து வந்ததும் வேறு ஆள் தெரிந்தான். கிளஃப் அவரை இடது கோட்டோரத்துக்கு மாற்றினார். 1976 கோடையில் கிளஃபின் பழைய கூட்டாளி பீட்டர் டெய்லர் வந்து சேர்ந்தார். சீசனுக்கு முன் ஜெர்மனிக்குப் போன இடத்தில் அவர் ராபர்ட்சனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். உன்னிடம் இருப்பதை நீயே வீணாக்குகிறாய் என்பதுதான் அந்தத் திட்டின் சாரம். பல பேர் அதோடு முறைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ராபர்ட்சன் அதை வாங்கிக்கொண்டார்.

1977இல் மூன்றாம் இடத்தில் முடித்து முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். ஏறிய முதல் ஆண்டிலேயே, 1978இல், லிவர்பூலை 7 புள்ளி பின்னால் விட்டு லீக் சாம்பியன். அதற்கு அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் சாம்பியன். அதற்கு அடுத்த ஆண்டும் அவர்களே. இரண்டாம் டிவிஷனில் இருந்து ஐரோப்பியக் கோப்பைக்கு இரண்டே ஆண்டு.

அந்த அணியில் பந்து எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும். இடது ஓரத்தில் நிற்கும் ராபர்ட்சனுக்குப் போகும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி. இடது கால்காரர், இடது ஓரம், கொஞ்சம் இடம் கிடைத்தால் கிராஸ். இவ்வளவுதான் அவருடைய சரக்கு.

14 பிப்ரவரி

மேலே உள்ள கடைசி வரியில் தவறு இருக்கிறது. அழிக்காமல் விடுகிறேன், கீழே திருத்துகிறேன்.

"இடது கால்காரர்" என்று எழுதிவிட்டேன். 1980இல் மாட்ரிடில் நடந்த இறுதி ஆட்டத்தின் கோலை நேற்று இரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். வலது கால்! இத்தனை தடவை பார்த்தும் என் கண் கோலை மட்டும் பார்த்திருக்கிறது, காலைப் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு காலும் ஒன்றுதான். அந்த அணியின் கேப்டன் ஜான் மெகவர்ன் அவரை மான்செஸ்டர் யுனைடெடின் புகழ்பெற்ற இடது விங்கர் ரயன் கிக்ஸோடு ஒப்பிட்டு, ஆனால் இவருக்கு இரண்டு காலும் நன்றாக வேலை செய்யும் என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு காலை மட்டும் நம்பும் விங்கர் எந்தப் பக்கம் போவார் என்று டிஃபெண்டர் பாதி கணித்துவிடுவார். இரண்டு காலும் உள்ளவர் முன்னால் நின்றால் இரண்டு பக்கத்தையும் காக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் காக்கிறவர் இருந்த இடத்தில்தான் நிற்பார். அவர் நின்றுவிட்டால் இவருக்கு வேகம் எதற்கு?

18 பிப்ரவரி

இன்று நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அப்பா காலத்தில் இருந்து ஃபாரஸ்ட் ரசிகர். 1979 இறுதி ஆட்டத்துக்காக மியூனிக்குக்குப் போனவர். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது, கைத்தடியோடு நடக்கிறார். வேலியோரம் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தவரிடம் தம்பியின் கேள்வியைச் சொன்னேன். ராபர்ட்சன் ஏன் மெதுவாக இருந்தும் தடுக்க முடியவில்லை?

அவர் பதில் சொல்லவில்லை. தடியை வேலியில் சாத்தினார். "வா, என் முன்னால் நில், நீதான் ஃபுல்பேக்" என்றார், அதாவது விங்கரைத் தடுக்கும் ஓரத்து டிஃபெண்டர். நின்றேன். எங்களுக்குள் இரண்டடி இடைவெளி. கையைத் தொங்கவிட்டு, லேசாகக் கூன் போட்டு, என் முழங்காலைப் பார்த்தபடி நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது. அப்போது அவருடைய இடது தோள் ஒரு அங்குலம் இறங்கியது. அவ்வளவுதான். என் எடை முழுவதும் வலது காலுக்குப் போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. மறுபக்கம் மெதுவாக ஒரு அடி எடுத்து வைத்து, என் தோளைத் தாண்டித் தெருவைப் பார்த்துக் காலை வீசிக் காட்டினார். இல்லாத பந்து இல்லாத கோல் வாசலுக்குப் போனது.

மூட்டு மாற்றிய கிழவர். எனக்கு நாற்பது வயது, வாராவாரம் ஆடுகிறவன். திரும்பக்கூட முடியவில்லை.

"அவன் செய்தது இதுதான். ஆனால் அவனுக்கு இடம் இன்னும் குறைவாகப் போதும்" என்றார்.

18 பிப்ரவரி, பிறகு

விட்டுப்போனது: அந்த மூன்று விநாடிதான் முக்கியம், தோள் இல்லை. தோளை யாரும் ஆட்டலாம். காத்திருப்பது கஷ்டம்.

25 பிப்ரவரி

"அந்தக் காலத்து ஆட்டம் மெதுவானது" என்பதற்கு வருகிறேன். இதை இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஓட்டத்தின் வேகம் இன்றைக்கு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விங்கரின் காலுக்கு அன்று இருந்த ஆபத்தையும் கணக்கில் எடுங்கள். பின்னாலிருந்து வந்து காலை வாருவதைப் பாதி நேரம் நடுவர் கண்டுகொள்ள மாட்டார். டிசம்பர் முதல் மார்ச் வரை மைதானத்தின் நடுப்பகுதி சேறாகக் கிடக்கும். உள்ளே மாற்றிவிட ஒரே ஒரு ஆள்தான். இதில் 1976 டிசம்பரில் இருந்து 1980 டிசம்பர் வரை ராபர்ட்சன் தொடர்ந்து ஆடிய ஆட்டங்கள் 243. நடுவில் ஒன்றுகூட விடவில்லை. நான்கு ஆண்டு, லீக், கோப்பைகள், ஐரோப்பா எல்லாம் சேர்த்து!

சிகரெட் பிடிக்கிற, எடை கூடிய, ஓடத் தெரியாத ஆள் என்று எல்லோரும் சொல்லும் ஒருவரின் கணக்கு இது. இந்த எண்ணை முதலில் பார்த்தபோது நான் நம்பவில்லை. பிறகு யோசித்தால் புரிகிறது. முழு வேகத்தில் ஓடுகிறவனுக்குத்தான் தொடைத் தசை பிடிக்கும். முழு வேகத்தில் போகும்போது தட்டிவிட்டால்தான் கணுக்கால் போகும். இவர் நின்று ஆடினார். உதைக்க வருகிறவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதை வருவதற்கு முன் பந்து அவர் காலில் இருக்காது.

இது என் ஊகம்தான். ஆனால் திடமாக நம்புகிறேன்.

3 மார்ச்

ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "ராபர்ட்சன் பெரிய ஆள்தான், ஆனால் அவருக்காக மற்ற பத்து பேரும் ஓடினார்கள், அதையும் சொல்லுங்கள்."

சொல்கிறேன். அது முழுக்க உண்மை.

அந்த அணியின் வலது பக்கம் மார்ட்டின் ஓ'நீல் ஆடினார். வட அயர்லாந்துக்காரர், கெட்டிக்காரர், கோல் அடிக்கத் தெரிந்தவர். அவருக்கும் கோட்டோரம் ஆட ஆசை. ஆனால் அவரை உள்ளே ஒதுங்கி நடுக்களத்துக்குத் துணையாக ஆடச் சொன்னார்கள். இடது பக்கம் ராபர்ட்சன் இறங்கிவந்து காக்க மாட்டார், அந்த ஓட்டையை யாராவது அடைக்க வேண்டும். இதில் தனக்கு இருந்த வருத்தத்தை ஓ'நீல் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே மூச்சில், அணியின் திட்டமே பந்தை ராபர்ட்சனிடம் கொடுப்பதுதான் என்றும் சொல்வார்.

அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். ஓ'நீல் மேனேஜர் ஆனதும் தனக்குப் பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டார்? ராபர்ட்சனை. லெஸ்டரில் 1997, 2000 இரண்டு லீக் கோப்பை. செல்டிக்கில் 2001இல் ஒரே சீசனில் மூன்று கோப்பை, 2003இல் செவில்லில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். அதன் பிறகு ஆஸ்டன் வில்லா. எவருக்காகத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டாரோ அவரையே வாழ்நாள் கூட்டாளியாக வைத்துக்கொண்டார்.

4 மார்ச்

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. 12ஆம் தேதி நான் எழுதியது "தனி ஆள் மாயம்" என்கிற தொனியில் இருந்தது. அதை இப்போது பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மூன்று விநாடி காத்திருப்பு அவருக்கு எப்படிக் கிடைத்தது? நாம் ஆடும் எந்த அணியிலும் கோட்டோரம் பந்தை வைத்துக்கொண்டு மூன்று விநாடி நின்றுபாருங்கள். "போடுடா, போடுடா" என்று நான்கு பேர் கத்துவார்கள். ஃபாரஸ்டில் யாரும் கத்தவில்லை. நிற்கட்டும், அவருக்குத் தெரியும் என்று விட்டார்கள். கிளஃப் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார். பந்து அவரிடம் போனதும் மற்றவர்கள் கோல் வாசலுக்குப் போக வேண்டும். அவரைத் திட்டித் தீர்த்த அதே வாயால் கால்பந்தின் பிக்காசோ என்று சொன்னவரும் கிளஃப்தான்.

ஆக, திறமை அவருடையது. நேரத்தைக் கொடுத்தது மற்றவர்கள்.

22 மார்ச்

இன்றைய தேதியில், 1978இல், ஓல்ட் டிராஃபர்டில் லீக் கோப்பை இறுதி ஆட்டம் மறுபடி நடந்தது. வெம்ப்ளியில் 0-0. இங்கே லிவர்பூலை 1-0 என்று ஃபாரஸ்ட் வென்றது. ராபர்ட்சனின் பெனால்டி.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். லிவர்பூலின் பில் தாம்சன் ஃபாரஸ்டின் ஜான் ஓ'ஹேரை வீழ்த்தியது பெனால்டி பெட்டிக்கு வெளியேதானே? "வெளியேதான்" என்றார், ஒரு விநாடிகூடத் தயங்காமல். 46 ஆண்டாக அந்தக் கோப்பையைக் கொண்டாடுகிறவர், கேட்டதும் ஒப்புக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. கிடைத்த பெனால்டியை அடிக்க வேண்டியவர் அடித்தார், அவ்வளவுதான்.

11 ஏப்ரல்

1979 ஏப்ரல் 11. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, முதல் ஆட்டம், ஃபாரஸ்டின் சொந்த சிட்டி மைதானம், எதிரணி ஜெர்மனியின் கோல்ன். முதல் இருபது நிமிடத்தில் ஃபாரஸ்ட் 0-2 என்று பின்தங்கியது. பிறகு பர்டில்ஸ் ஒன்று, போயர் ஒன்று. மூன்றாவது கோலை ராபர்ட்சன் தலையால் அடித்தார், சேற்றில் பாய்ந்து. தலையால் கோல் அடிக்கிற ஆள் இல்லை அவர். கடைசியில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஜப்பானின் ஒகுதேரா அடித்து 3-3 ஆக்கினார்.

அந்த ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் ராபர்ட்சனின் அண்ணன் கார் விபத்தில் இறந்திருந்தார்.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

13 ஏப்ரல்

கோல்ன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கிவிட்டார்கள், கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து ஜெர்மனிக்குப் போய் 1-0 என்று வென்றார்கள். இயன் போயர், ஹெடர், அதாவது தலையால் அடித்த கோல்.

5 மே

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிங்ஸ்டன் என்று எழுதியதும் ஒருவர் "அது ஜிம்மி ஜான்ஸ்டனின் ஊர் அல்லவா" என்று கேட்டிருந்தார். ஜான்ஸ்டன் வளர்ந்த வியூபார்க் அடிங்ஸ்டனை ஒட்டிய பகுதி. 1967இல் லிஸ்பனில் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது வலது விங்கர் அவர். 1979, 1980 கோப்பைகளின் இடது விங்கர் ராபர்ட்சன். ஒரே வட்டாரத்தில், எட்டு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு பேர். ஒருவர் சுழன்று சுழன்று ஓடி டிஃபெண்டரைக் கீழே விழவைப்பார். மற்றவர் நின்று விழவைப்பார். ஒரே மண்ணில் இத்தனை மாறுபட்ட இரண்டு ஆட்டம்!

இன்னொரு விலகல், இது நம் பக்கம் வருகிறது. 1979 இறுதி ஆட்டத்தில் எதிரணி ஸ்வீடனின் மால்மோ. அதன் பயிற்சியாளர் பாப் ஹவுட்டன், ஆங்கிலேயர், அப்போது முப்பதைத் தாண்டிய இளைஞர். அதே ஹவுட்டன்தான் 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். பூட்டியாவும் சேத்ரியும் ஆடிய அணி. நேரு கோப்பை வென்ற அணி. மியூனிக்கில் ராபர்ட்சனை அடைக்க வழி தேடியவர் டில்லி மைதானத்தில் நம் பையன்களுக்கு வழி சொல்லியிருக்கிறார்.

28 மே

மாட்ரிட், 1980. பெர்னபேயு மைதானம். எதிரணி ஹம்பர்க், அதில் கெவின் கீகன், வலது ஃபுல்பேக் மான்ஃப்ரெட் கால்ட்ஸ். கால்ட்ஸ் அன்றைய ஐரோப்பாவின் சிறந்த ஃபுல்பேக்குகளில் ஒருவர். அவரைப் பற்றி ஆட்டத்துக்கு முன் கேட்டபோது கிளஃப் சொன்னதன் கருத்து: எங்களிடம் ஒரு குட்டையான குண்டுப் பையன் இருக்கிறான், அவரைத் திருப்பித் திருப்பி எடுத்துவிடுவான்.

20ஆவது நிமிடம். ராபர்ட்சன் இடது ஓரத்தில் இருந்து உள்ளே வெட்டி வருகிறார். பர்டில்ஸிடம் பந்தைத் தட்டுகிறார். பர்டில்ஸ் தடுமாறி விழுந்தபடியே அதைத் திருப்பித் தருகிறார். கீகன் இடையில் புகப் பார்க்கிறார், முடியவில்லை. பெட்டிக்கு வெளியில் இருந்து, வலது காலால், தரையோடு. பந்து கம்பத்தின் உட்பக்கம் பட்டு உள்ளே போகிறது. பலமான அடிகூட இல்லை. கோல்கீப்பர் நீண்டு பாய்கிறார், எட்டவில்லை.

மீதி எழுபது நிமிடம் ஃபாரஸ்ட் தடுத்தே ஆடியது. டிரெவர் ஃபிரான்சிஸ் காயத்தில் இருந்தார். 18 வயதே ஆன கேரி மில்ஸ் களத்தில். பீட்டர் ஷில்டன் கோல் வாசலில் மலையாக நின்றார். அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்தால் அழகாக இருக்காது. நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

30 மே

இன்று மியூனிக் நாள். 45 ஆண்டு. இந்த இழையில் எல்லோரும் கேட்ட கிராஸ் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆட்டம் இறுக்கமாக இருந்தது. மால்மோ பின்கோட்டை முன்னுக்கு ஏற்றி ஆஃப்சைடு பொறி வைத்தே ஆடியது. கிளஃப் அன்று ஓ'நீலையும் ஆர்ச்சி ஜெம்மில்லையும் வெளியே உட்காரவைத்தார். இருவரும் உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லியும் எடுக்கவில்லை. அந்தக் காயம் இரண்டு பேருக்கும் நெடுநாள் ஆறவில்லை. ஓ'நீலின் இடத்தில், வலது ஓரத்தில் டிரெவர் ஃபிரான்சிஸ் இறங்கினார். பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு வீரர். பிப்ரவரியில் வாங்கியிருந்தாலும், விதிப்படி ஐரோப்பியக் கோப்பையில் அவர் ஆடக் கிடைத்த முதல் ஆட்டமே இறுதி ஆட்டம்தான்.

முதல் பாதி முடியும் தருவாய். போயர் பந்தை இடது ஓரம் தருகிறார். ராபர்ட்சன் முன்னால் இரண்டு மால்மோ ஆட்கள். படத்தை இங்கே நிறுத்துங்கள். இரண்டு பேரும் எவ்வளவு அருகில் நிற்கிறார்கள், அவர் எவ்வளவு அசையாமல் இருக்கிறார் என்று பாருங்கள். இப்போது ஓடவிடுங்கள். வெளிப்பக்கம் ஒரு தட்டு, இரண்டு பேருக்கும் வெளியே, கோல்கோட்டை நோக்கி. அவர்களைத் தாண்டிப் போய்விடவில்லை. அரையடி இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இடது காலால் தூக்கிவிட்டார். பந்து கோல்கீப்பரையும் நடுவில் இருந்த எல்லோரையும் தாண்டித் தூரக் கம்பத்துக்குப் போகிறது. அங்கே வலது பக்கத்தில் இருந்து ஓடிவந்த ஃபிரான்சிஸ் பாய்ந்து தலையை வைக்கிறார். 1-0.

வேகத்தை எங்கே வைத்தார்கள் என்று கவனித்தீர்களா? மைதானத்திலேயே வேகமான ஆள் மறுபக்கம் ஓடிவருகிறார். மெதுவான ஆள் இந்தப் பக்கம் நின்று, அவர் வந்து சேரும் நேரத்துக்குப் பந்தை அனுப்புகிறார்.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு கோல்தான். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கோல் வாசலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாராம். கிராஸ் போனதைப் பார்த்தார். ஹெடரைப் பார்க்கவில்லை, முன்னால் இருந்தவர் எழுந்துவிட்டார். இன்றைக்கு மாலை அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டே சேர்ந்து பார்த்தோம்.

2 ஜூன்

ஸ்காட்லாந்துக்கு என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார்கள். 28 ஆட்டம், 8 கோல். 1978, 1982 இரண்டு உலகக் கோப்பையிலும் ஆடினார். 1982இல் மாலகாவில் நியூசிலாந்துக்கு எதிரே ஃப்ரீகிக்கில் ஒரு கோல். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கேட்டால் 1981 மே மாதத்தை முதலில் சொல்வார்கள். வெம்ப்ளியில் இங்கிலாந்தை 1-0 என்று வென்ற ஆட்டம், கோல் ராபர்ட்சனின் பெனால்டி. அன்று இங்கிலாந்தின் வலது ஃபுல்பேக் விவ் ஆண்டர்சன். ஃபாரஸ்டின் வலது ஃபுல்பேக்கும் அவரே. வாரம் முழுக்க ஒரே இடத்தில் பயிற்சி செய்கிற இரண்டு பேர் வெம்ப்ளியில் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

9 ஜூன்

டெர்பி கதையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

1983 கோடை. டெய்லர் அதற்கு முன்பே கிளஃபைப் பிரிந்து, பக்கத்து ஊரான டெர்பியில் மேனேஜராகியிருந்தார். ராபர்ட்சனின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கிளஃப் பென்னைன் மலைப் பாதையில் ஒரு தர்ம காரியத்துக்காக நடைப்பயணத்தில் இருந்தார். அந்த நேரம் டெய்லர் ராபர்ட்சனை எடுத்துக்கொண்டார், கிளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். விலையைத் தீர்ப்பாயம் 1,35,000 பவுண்டு என்று வைத்தது. கிளஃபும் டெய்லரும் அதற்குப் பிறகு பேசவே இல்லை. 1990 அக்டோபரில் டெய்லர் இறந்தார். பேசாமலேயே முடிந்துவிட்டது. கிளஃப் அதற்காகப் பிறகு எவ்வளவு வருந்தினார் என்பது ஊரறிந்தது.

ராபர்ட்சன் மீது யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை. டெர்பியில் முழங்கால் போனது, ஆட்டம் எடுபடவில்லை, 1985இல் ஃபாரஸ்டுக்கே திரும்பினார். பழைய ஆள் இல்லை. ஓர் ஆண்டில் விலகினார்.

இதில் எனக்கு மனதைப் பிசைவது ஒன்றுதான். அவரைத் திட்டி உருவாக்கியவர் டெய்லர், நம்பி வளர்த்தவர் கிளஃப். கடைசியில் இருவரும் அவரை முன்னிட்டே பேச்சை விட்டார்கள். சந்தை சதுக்கத்துக்கு அருகில் இருக்கும் கிளஃப் சிலையைத் தாண்டித்தான் தினமும் பஸ் பிடிக்கிறேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்து உயர்த்தியபடி நிற்பார். இதை எழுதிய பிறகு அந்தப் பக்கம் போகும்போது டெய்லர் நினைவும் வருகிறது.

16 ஜூன்

கடைசியாகச் சொந்த விஷயம்.

ஞாயிறு காலைகளில் டிரென்ட் ஆற்றோரப் பூங்காவில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதில் ஒரு பெண். பந்தைத் தொட்டால் பந்து பேசும், ஆனால் ஓட்டத்தில் கடைசி. முன்பு அவள் ஆடிய இடத்தில், விங்கில் ஆட நீ லாயக்கில்லை என்று பயிற்சியாளர் நேராகவே சொல்லிவிட்டாராம். என்னிடம் வந்தபோது நானும் யோசிக்காமல் பின்களத்தில் நிறுத்தினேன். ஐந்து மாதம் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். பிப்ரவரியில் இந்த இழையில் ராபர்ட்சனுக்காக வரிந்துகட்டி எழுதியவன், அதே ஞாயிறு அவளைப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். போன வாரம் டெர்பி குறிப்பை எழுதி முடித்தபோதுதான் உறைத்தது.

இன்று அவளை இடது ஓரத்தில் விட்டேன். மற்றவர்களிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அவளிடம் பந்து போனால் யாரும் கத்தக் கூடாது.

முதல் பாதியில் பந்தை நான்கு தடவை இழந்தாள். ஒரு அப்பா கோட்டுக்கு வெளியில் இருந்து "கொடுத்துவிடு" என்று கத்தினார், கை காட்டி அமர்த்தினேன். இரண்டாம் பாதியில் ஒரு பையன் அவள் முன்னால் வந்து நின்றான். அவள் பந்தை நிறுத்தினாள். அவனும் நின்றான். நான் மனசுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு. அவள் தோளை ஆட்டவில்லை, அதெல்லாம் நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன்தான் பொறுக்க முடியாமல் காலை நீட்டினான். நீட்டிய காலுக்கு அந்தப் பக்கமாகப் பந்தைத் தள்ளி, உள்ளே தூக்கிவிட்டாள். கோல் வாசலில் யாரும் இல்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்களை ஓடவைக்க வேண்டும்.